ஜெர்மன் துவக்கும் தங்கூசித் துவக்கும்

ஜெர்மன் துவக்கு வந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் சுடுவதில் வஸீர் முதலாளிதான் கடைசி.

"வஸீர், நாப்பத்தொண்டு," என்று பிரான்சிஸ்கா ரீச்சர் வாசித்தார். நம்ப முடியாமல் பூதக்கண்ணாடியை வைத்து குறி மட்டையை இன்னொரு தரம் பார்த்தார். "ஓம், நாப்பத்தொண்டுதான். ஹலீம், எழுபது. செபஸ்தியாம்பிள்ளை, தொண்ணூற்றி மூண்டு."

வஸீர் தன் கையிலிருந்த துவக்கைப் பார்த்தார். கறுப்பும் வெள்ளியுமாகப் பளபளவென்று இருந்தது. தோளில் முட்டுகிற இடம், கன்னம் படுகிற இடம், உள்ளங்கை தாங்குகிற இடம் என்று எல்லா இடத்திலும் ஒரு திருகாணி. ஆளுக்குத் தகுந்தபடி ஏற்றலாம், இறக்கலாம். செபஸ்தியாம்பிள்ளையின் துவக்கில் ஏற்றவும் இறக்கவும் ஒன்றுமில்லை. கட்டை நீளத்துக்குப் பிளந்து, மீன்பிடி நைலோன் நூலான தங்கூசியால் வரிந்து கட்டியிருந்தது. வங்காலையில் அவருடைய கருவாடு காயவைக்கும் வாடியில் காகம் விரட்ட என்று ஒரு காலத்தில் வாங்கியது. வங்காலைக் காகங்கள் அதற்குப் பயந்ததாகச் சரித்திரம் இல்லை.

"எப்பிடியடா செபஸ்தி?" என்றார் வஸீர்.

"எனக்கும் விளங்கேல்லை நானா. போன மாசம் வரைக்கும் நான் அறுபதைத் தாண்டினதே இல்லை. நீங்கள் இந்தத் துவக்கை வாங்கினதில இருந்துதான் எனக்குக் கை திருந்தினது. அதைப் பார்க்க ஒரு நடுக்கம் வருது. அந்தப் பயத்தில கவனமாச் சுடுறன் போல."

வஸீருக்கு இது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல இருந்தது. பணம் போட்டு வாங்கியவர் ஒருவர், பலன் பக்கத்து ஆளுக்கு.

மன்னார் பசார் முடிகிற இடத்தில் இருந்த பழைய ஐஸ் பக்டரி மண்டபத்தில்தான் அந்த எயார் றைபிள் சங்கம் நடந்தது. சுடுகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். தண்ணீர் மோட்டரும் குழாயும் விற்கும் வஸீர் தலைவர். வங்கியில் வேலை செய்யும் ஹலீம் பொருளாளர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற பிரான்சிஸ்கா ரீச்சர் செயலாளர். அவர் சுடமாட்டார், புள்ளி மட்டும் போடுவார். செபஸ்தியாம்பிள்ளை ஒருவர்தான் உறுப்பினர். ஆகவே பொதுக்கூட்டத்துக்கு அவர் வராவிட்டால் பொதுமக்கள் இல்லை.

தலைவர் என்ற உரிமையில் வஸீர் இடது கோடியில் மின்விசிறிக்குக் கீழே நிற்பார். நடுவில் ஹலீம். வலது கோடியில் வாசலோரம் செபஸ்தியாம்பிள்ளை. வெற்றிலை துப்ப அதுதான் தோது. பத்து மீற்றர் தள்ளி, எதிர்ச் சுவரில் ஆளுக்கொரு மட்டை. ஆளுக்குப் பத்து ஈயச் சன்னம், மொத்தம் நூறு புள்ளி. மிளகளவு ஓட்டை விழும். நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் ஒரு மண்ணும் தெரியாது. சுட்டு முடிந்ததும் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அபூசாலி போய் மட்டைகளைக் கழற்றி, ஆரும் எட்டிப் பார்க்காதபடி குப்புற அடுக்கி, ரீச்சரின் மேசையில் வைத்துவிட்டு மஃரிப் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். ரீச்சர் அடுக்கைப் புரட்டி, தலைவரில் தொடங்கி வரிசையாக வாசிப்பார். பொலிஸ் அனுமதி ஞாயிறு பின்னேரத்துக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் துவக்குகள் இரும்பு அலுமாரிக்குள்ளே பூட்டிக் கிடக்கும்.

"ஆனா ஸுஹறா, பத்துச் சன்னமும் நடுவில போன மாதிரித்தான் என்ட கைக்குத் தெரிஞ்சது," என்றார் வஸீர், அன்று இரவுச் சாப்பாட்டில்.

"ஆடத் தெரியாதவள் நிலம் கோணல் எண்டாளாம்," என்றாள் மனைவி ஸுஹறா. "நீங்க நிலத்தை ஜெர்மனியில இருந்து இறக்கியும் ஆட்டம் வரல்ல."

ஸுஹறா இப்படிப் பேசக் காரணம் இருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. மலைநாட்டுக்குப் போய், வாய் திறந்து பேசினால் புகை வருமாமே, அந்தக் குளிரில் நின்று ஒரு வார்த்தை பேசிப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் பெற்றோல் தட்டுப்பாடு, ஒரு வருஷம் மகள் றிம்ஷாவின் கலியாணம். இந்த வருஷம் எப்படியும் போவதென்று சேர்த்து வைத்ததைத்தான் வஸீர் ஜெர்மன் துவக்காக மாற்றியிருந்தார்.

"பயப்படாத புள்ள," என்று அப்போது சொன்னார். "இந்த முறை அகில இலங்கைப் போட்டி மலைநாட்டில, தியத்தலாவை ஆமிக் கேம்பில. சங்கத்தில முதலாவதா வாறவரைச் சோடியோட கூப்பிடுறாங்க. தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்கட பொறுப்பு. இந்தத் துவக்கே நம்மளக் கூட்டிக்கொண்டு போகும்."

அதை நம்பி ஸுஹறா, புத்தளத்தில் இருக்கும் றிம்ஷாவிடம் சொல்லி ஒரு கம்பளிச் சுவெற்றர் வாங்கியும் விட்டாள். மன்னார் வெக்கையில் அதை அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தாலே வேர்த்தது. சங்கத்தின் இறுதிப் போட்டிக்கு இன்னும் நாலு ஞாயிறு இருந்தது.

"குறை துவக்கில இல்ல," என்று வஸீர் கண்டுபிடித்தார். "உடுப்பில."

கொழும்பிலிருந்து சுடுகிறவர்கள் போடும் ஜக்கெட் வந்தது. தோலும் தடித்த கன்வஸும் சேர்த்துத் தைத்தது. போட்டால் உடம்பு அசையாதாம். வஸீருக்குக் கழுத்தும் அசையவில்லை. அதற்குள் இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு அவர் மண்டபத்துக்குள் நடந்து வந்தபோது, வாசலில் நின்ற கழுதை ஒன்று இரண்டடி பின்வாங்கி வழிவிட்டது. ஹலீம் வங்கிக்காரர், சிரிப்பை அடக்கப் பழகியவர். செபஸ்தியாம்பிள்ளைக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஒவ்வொரு முறை குறி பார்க்கும்போதும் தோள் குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, பத்துச் சன்னத்தையும் சிரித்துக்கொண்டே சுட்டு முடித்தார்.

"வஸீர், முப்பத்தஞ்சு," என்றார் ரீச்சர். "செபஸ்தியாம்பிள்ளை, தொண்ணூற்றி அஞ்சு."

"சிரிச்சுக்கொண்டு சுட்டதுக்கா?" என்று வஸீர் கத்தினார்.

"மனம் லேசா இருந்தது நானா. அதாலதான் போல," என்றார் செபஸ்தியாம்பிள்ளை, இன்னும் கண்ணைத் துடைத்தபடி.

அடுத்த வாரம் வஸீர் யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்தார். தேத்தண்ணி, கோப்பி குடித்தால் கை நடுங்கும், குறி தப்பும் என்று அவன் படம் போட்டுக் காட்டினான். கடையில் அரை மணித்தியாலத்துக்கு ஒரு பிளேன்டி குடித்துப் பழகிய வஸீர் வெள்ளிக்கிழமையோடு நிறுத்தினார். சனிக்கிழமை தலையிடி. ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர் மீது எரிந்து விழுந்தார். ஆனால் கை கல்லுப் போல நின்றது.

பழக்கதோஷத்தில் ஸுஹறா அன்றும் இஞ்சி போட்ட பிளேன்டி நிரப்பிய பிளாஸ்கைக் கையில் கொடுத்துவிட்டிருந்தாள். வீணாக்கக் கூடாதென்று வஸீர் அதைச் செபஸ்தியாம்பிள்ளையிடம் நீட்டினார். அவர் ஓசியில் கிடைத்ததை மிச்சம் வைக்கிற ஆள் இல்லை. பிளாஸ்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு துவக்கைத் தூக்கியபோது, வாடைக்காற்றில் பாய் அடிப்பது போல அவருடைய முழங்கை படபடத்தது.

"வஸீர், இருபத்தொன்பது. செபஸ்தியாம்பிள்ளை, தொண்ணூற்றி ஆறு."

"ரீச்சர், நீங்கள் டொக்டரிட்ட கண்ணைக் காட்டினால் என்ன?" என்றார் வஸீர்.

"போன மாசம்தான் ரெண்டு கண்ணிலயும் வெண்புரை வெட்டினது," என்றார் ரீச்சர் கடுமையாக. "காகம் பறந்தா இறகு எண்ணுவன்."

இதற்குள் விஷயம் பசாருக்குப் பரவிவிட்டது. வஸீரின் கடைக்கு ஒரு கொள்கை உண்டு: சாமான் நல்லதென்றால் வேலை நல்லது. மலிவு மோட்டர் கேட்டு வருகிறவனை அரை மணித்தியாலம் உட்கார வைத்துப் பேசி, ஜப்பான் மோட்டரோடு அனுப்பி வைப்பதுதான் அவருடைய வியாபாரம். அன்று கட்டுக்கரைப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்து மலிவு மோட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"இது ரெண்டு போகம் தாங்காது," என்று வஸீர் வழமைபோலத் தொடங்கினார். "ஜப்பான் சாமான் எண்டா..."

"சாமானில என்ன கிடக்கு முதலாளி? கைதானே!" என்றார் விவசாயி. "வங்காலைச் செபஸ்தியாரைப் பாருங்கோ. தங்கூசி கட்டின துவக்காம்."

வஸீர் மலிவு மோட்டரையே கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு பாவம் செய்யத் தோன்றியது. தன் கையை உயர்த்த முடியாவிட்டால், செபஸ்தியின் கையைக் கொஞ்சம் தாழ்த்தலாமே.

அந்த ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குச் செபஸ்தியாம்பிள்ளையை வீட்டுக்கு அழைத்தார். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த கோழி, அதற்கு மேல் வட்டிலப்பம். விஷயம் தெரியாத ஸுஹறா மனம் நிறைந்து பரிமாறினாள். விஷயம் தெரிந்த வஸீர் அதைவிட மனம் நிறைந்து பரிமாறினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி வை, ஸுஹறா. பூசை கண்டுபோட்டு நேர வந்த மனுசன்."

"காணும் நானா, மூச்சு விட இடமில்லை."

"வட்டிலப்பத்துக்கு மூச்சுத் தேவையில்ல, வழுக்கிக்கொண்டு போகும்."

வஸீர் மட்டும் அரைக் கோப்பைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். மண்டபத்தில் செபஸ்தியாம்பிள்ளை துவக்கின் கட்டையில் கன்னத்தை வைத்ததும் அதைத் தலையணை என்று நினைத்துவிட்டார். இரண்டு சன்னத்துக்கு நடுவில் ஹலீம் அவரைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. வஸீர் கஞ்சி தந்த சுறுசுறுப்பில், மூச்சைப் பிடித்து, ஒவ்வொன்றாக, அழகாகச் சுட்டார். இன்றைக்கு நான்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

ரீச்சர் அடுக்கைப் புரட்டினார். முதல் மட்டையைப் பார்த்துவிட்டு வஸீரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வஸீர், பதினெட்டு."

"செபஸ்தி?"

"தொண்ணூற்றி ஏழு. இந்தச் சங்கத்தில இது வரைக்கும் ஆரும் எடுக்கேல்லை."

செபஸ்தியாம்பிள்ளை ஒரு ஏப்பம் விட்டார். "அக்காட கைப்பக்குவம்," என்றார்.

வஸீர் அன்று வீட்டுக்கு வந்து கதிரையில் சரிந்தார். பிறகு அவருக்கு ஞானம் பிறந்தது. விலை கூடின துவக்கு ஆளைக் கெடுக்கிறது. எல்லாவற்றையும் திருகாணியே செய்துகொண்டால் கைக்கு என்ன வேலை? செபஸ்தி தங்கூசித் துவக்கோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டித்தான் கையை வளர்த்திருக்கிறான். அந்தத் துவக்கு என் கைக்கு வந்தால் என் கையும் வளரும். இந்தச் சனியன் அவன் கைக்குப் போனால் அவன் கெடுவான். கடைசிக் காரணத்தை அவர் தனக்கே கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டார்.

மறுநாளே வங்காலைக்குப் போய்ச் செபஸ்தியாம்பிள்ளையின் வாடியில் நின்றார்.

"மாத்துவமா?"

செபஸ்தியாம்பிள்ளை கையிலிருந்த கருவாட்டைக் கீழே போட்டார். "நானா, உங்களுக்குக் காய்ச்சலா? என்ட துவக்குக் காகத்துக்கே அவமானம். இதைத் தந்திட்டு அதை வாங்கினா, நான் பாவசங்கீர்த்தனத்தில சுவாமியிட்ட என்னெண்டு சொல்லுறது?"

"முதலாளி சந்தோசமாத் தந்தவர் எண்டு சொல்லு."

ஒருவர் பெயரில் உள்ள துவக்கை மற்றவர் தொடுவது சட்டப்படி குற்றம் என்று ஹலீம் எச்சரித்தார். "ஒரு நாளைக்கு மாத்த ஏலாது நானா. மாத்தினா ஒரேயடியா மாத்த வேணும். நல்லா யோசியுங்கோ."

வஸீர் யோசித்து முடித்தவர். இரண்டு பேரும் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய், அனுமதிப் பத்திரத்தில் பெயரை மாற்றினார்கள். அங்கிருந்த உத்தியோகத்தர் இரண்டு துவக்கின் படத்தையும் பார்த்தார். வஸீரின் முகத்தையும் பார்த்தார். "ஆரும் வற்புறுத்தினவையோ ஐயா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஸுஹறா கேள்விப்பட்டபோது கத்தவில்லை. அலுமாரியைத் திறந்து, சுவெற்றரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள்.

"என்ட குளிரைக் கொண்டுபோய்க் கருவாட்டு வாடியில குடுத்திட்டீங்களே, றிம்ஷாட வாப்பா," என்றாள்.

வஸீர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவளை அவர் ஏமாற்றியது இதற்கு முன் பல தடவை. ஆனால் அவள் கத்தாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. "இந்த ஞாயிறு நீயும் வா," என்றார். "வந்து கண்ணால பாரு. நான் வெல்லல்லையெண்டா இந்தத் துவக்கை நானே கடலில வீசிறன்."

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை ஸுஹறா வந்து, ரீச்சருக்குப் பக்கத்துக் கதிரையில், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பைக்குள் சுவெற்றர் இருந்தது. வஸீர் இடது கோடியில் மின்விசிறிக்குக் கீழே நின்று, தங்கூசித் துவக்கில் கன்னத்தை வைத்தார். சூடைக் கருவாட்டு மணம் மூக்கில் ஏறியது. குறி பார்க்கும் தகடு ஒரு பக்கம் ஆடியது. விசையை அழுத்தியதும் துவக்கு கோழி சிறகடிப்பது போல ஒரு உதறு உதறியது. சன்னம் எங்கே போனதென்று அவருக்கு ஒரு உணர்ச்சியும் இல்லை. உண்மையான திறமை இப்படித்தான் இருக்கும் போல, கைக்குக்கூடச் சொல்லாமல் வேலை செய்யும் போல என்று நம்பிக்கையோடு அடுத்ததைச் சுட்டார்.

நடுவில் ஒரு சன்னம் மட்டையில் படாமல் சுவரில் மோதிய சத்தம் கேட்டது. வஸீர் செபஸ்தியாம்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பாவம், ஜெர்மன் துவக்கு அவனையும் கெடுக்கத் தொடங்கிவிட்டது.

அபூசாலி மட்டைகளைக் கொண்டுவந்து குப்புற வைத்துவிட்டு, பாங்கு கேட்டதும் தொழப் போனார். ரீச்சர் அடுக்கைப் புரட்டினார். முதல் மட்டையைப் பார்த்தார். பூதக்கண்ணாடியால் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"வஸீர், தொண்ணூற்றி ஆறு."

"ஹலீம், எழுபத்தொண்டு," என்று ரீச்சர் தொடர்ந்ததை ஆரும் கேட்கவில்லை. "செபஸ்தியாம்பிள்ளை, முப்பத்தொண்டு. ஒரு சன்னம் மட்டையிலயே படேல்லை."

ஸுஹறா எழுந்தாள். கைப்பையைத் திறந்து, சுவெற்றரை எடுத்து, அந்த வெக்கையில், தலைவழியே போட்டுக்கொண்டாள். வஸீருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெயரைக் கொழும்புக்கு அனுப்பிட்டன்," என்றார் ரீச்சர் கைத்தொலைபேசியை மூடியபடி. "இனி மாத்த ஏலாது. தியத்தலாவைக்கு வஸீர் முதலாளியும் அவற்ற மனிசியும்."

செபஸ்தியாம்பிள்ளை ஜெர்மன் துவக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். "நானா, இது எனக்குச் சரிவராது. கைக்கு நல்லாத்தான் இருந்தது, ஆனால் பாருங்கோ, முப்பத்தொண்டு! திரும்ப எடுங்கோ. போட்டிக்கு உதவும். நாளைக்கே கச்சேரிக்குப் போவம்."

"வேண்டாம்," என்றார் வஸீர்.

"எடுங்கோ நானா, கையெடுத்துக் கும்பிடுறன்."

"வேண்டாமெண்டா வேண்டாம், செபஸ்தி. அது உனக்குத்தான். வாப்பா மேல சத்தியம், இனி அதைத் தொடமாட்டன்." வஸீர் தங்கூசித் துவக்கைத் தலைக்கு மேல் தூக்கினார். கூட்டம் என்று சொல்ல நாலு பேர்தான். ஆனாலும் பேச்சு வந்துவிட்டது. "இவ்வளவு காலமும் நான் பசாரில பிழையாப் பேசிப்போட்டன். சாமானில ஒண்டுமில்ல. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்! தியத்தலாவையில ஆமிக்காரன் எல்லாம் ஜெர்மன் துவக்கோட நிப்பான். நான் இதைக் கொண்டுபோய் அவன்களுக்குக் கை எண்டா என்னெண்டு காட்டுறன்!"

ஸுஹறா கைதட்டினாள். சுவெற்றருக்குள்ளிருந்து வேர்வை வழிந்தது. அவள் அதைக் கழற்றுவதாக இல்லை.

தொழுகை முடிந்து அபூசாலி திரும்பி வந்து, ரீச்சரின் மேசையைத் துப்புரவாக்கத் தொடங்கினார். பொதுவாக அவர் வரும்போது எல்லாரும் போயிருப்பார்கள். இன்றைக்கு இந்தச் சந்தோசம் எதற்கென்று விளங்காமல், எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார்.

"அபூசாலி, என்ட மட்டையை எடுங்கோ," என்றார் வஸீர். "பிரேம் போட்டுக் கடையில மாட்டப் போறன்."

அபூசாலி அடுக்கின் அடியிலிருந்த மட்டையை உருவி, தூசி தட்டி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். வஸீர் வாங்கிப் பார்த்தார். அரிதட்டு மாதிரி நாலு மூலையிலும் ஓட்டை. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. எண்ணினால் ஒன்பதுதான்.

"இது செபஸ்திட மட்டை," என்று சிரித்தார் வஸீர். "என்டது மேல கிடக்கு, முதலாவது."

அபூசாலியின் முகம் வாடிவிட்டது.

"என்ன முதலாளி, என்ட வேலையில பிழை பிடிக்கிறீங்க? சங்கம் தொடங்கின நாளையில இருந்து பிஸ்மில்லாச் சொல்லி, நல்ல காரியமெண்டு வலப்பக்கத்தில இருந்துதானே மட்டை கழட்டுறனான். எப்பவும் முதல் மட்டை செபஸ்தியார்ட, கடைசி மட்டை உங்கட."